ஆலைவிளக்கும் விண்மீனும்

வானத்தை ஒளிப்படம் எடுக்கத்தக்க இடம் எது என்று வினவினால், அறிந்தோர் பலரும் மலைகளையே சுட்டுவர். சவ்வாது மலைச் சாரலிலுள்ள காவலூர் என்பர், கோடைக்கானல் என்பர், நெடுந்தொலைவு செல்ல வல்லவர் இலடாக்கிலுள்ள ஹான்லே என்பர். இராயபுரத்தையோ திருவொற்றியூரையோ எண்ணூரையோ ஒருவரும் சொல்லார். யாரேனும் சொன்னால் நகைப்பர். ஒருபால் துறைமுகத்துப் பளுதூக்கிகளின் மேல் எரியும் விளக்குகள்; ஒருபால் மணலி எண்ணெய் ஆலையின் உயர்ந்த குழாய் உச்சியில் அணையாது எரியும் தீநாக்கு; சாலை முழுவதும் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரிசை பிடித்து நிற்கும் லாரிகள். இவற்றிற்கிடையே விண்மீனைக் கண்ணால் காண்பதே அரிது. விண்முகிலைப் படமெடுப்பதாவது என்று கேட்பர்.

அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுந்தது. வடசென்னையில் பிறந்து வளரும் மாணவனுக்கும் மாணவிக்கும் வானம் அயலார் உடைமை அன்று. தம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அவர்கள் அதனைப் படமெடுக்க இயலும். எடுத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாறு எடுக்கத் தலைப்படுவோர் பெருகினால், வீணாக வானை நோக்கிப் பாயும் விளக்கொளியைப் பற்றிக் கேள்வி கேட்போரும் பெருகுவர் என்பதும் என் கருத்தே.

இப்பகுதி வானோடு தொடர்பற்றது என்று எண்ணுதல் வரலாறு அறியாமையால் விளைவது. வில்லியம் பெட்ரி என்னும் ஆங்கிலேயர் 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு விண்ணோக்குநிலையம் அமைத்தார். அவர் அரசு அலுவலரே அன்றி வானூலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். விருப்பத்தால் அதனைப் பயின்றவர். அவர் இட்ட வித்தே 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை விண்ணோக்குநிலையமாக முளைத்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அவ்விடத்தில் நிற்கின்றது. அதில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நிலையத்தில் விண்மீன்களின் நிலையை நோக்கிக் கணக்கிட்ட பொழுதே ‘சென்னை நேரம்’ எனப்பட்டது. 1870ஆம் ஆண்டளவில் இந்திய இரயில்வேக்கள் அந்நேரத்தையே பொதுநேரமாகக் கொண்டன. 1906இல் இந்தியத் திட்டநேரம் வரும்வரை அம்முறை நடந்தது. 1856இல் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையம் நம் கண்முன் நிற்கின்றதன்றோ? அங்கிருந்து வண்டிகள் புறப்பட்ட நொடியை அக்காலத்தில் அறுதியிட்டவை விண்மீன்களே. ‘வானத்தை நோக்குவதால் என்ன பயன்?’ என்று கேட்கும் பெரியோர்க்கு இராயபுரம் நிலையத்துக் கடிகாரத்தைக் காட்டினாற் போதும் என்று நான் நினைப்பதுண்டு.

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் வாழும் மீனவர் இதனை நமக்கு முன்னரே அறிந்தவர். திசைகாட்டும் கருவிகள் படகில் ஏறுமுன், கட்டுமரத்தில் சென்றோர் விண்மீன்களைக் கொண்டே திசையும் பொழுதும் கண்டனர். விடிவெள்ளியும் அறுமீனும் அவர்க்கு ஏட்டுப் பெயர்கள் அல்ல.

நுங்கம்பாக்கத்தில் பணிபுரிந்த போக்சன் என்பார், 1861இல் சென்னை வானில் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராய் இருந்த இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி கதிரவனைக் கடக்கவிருந்ததைப் பற்றி நம் நாட்டு மொழிகள் சிலவற்றில் நூல் வெளியிட்டு மக்களுக்கு விளக்கினார். இவர்கள் கண்ணால் நோக்கி, விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டவர்கள். 1899இல் வானாய்வு கோடைக்கானலுக்குச் சென்றது. பின்னர் 1988இல் காவலூரில் இராசமோகன் என்னும் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டார். அது ‘இராமானுசன்’ என்னும் பெயர் பெற்றது. அதனைக் காட்டிக் கொடுத்தது ஒளிப்படத் தகடு.

கண்ணுக்கும் படக்கருவிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சற்று நின்று நோக்குதல் நன்று. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை; பெற்ற ஒளியை நொடியின் சிறு பகுதிக்குள் விட்டுவிடுகின்றது. படக்கருவியோ திறந்துள்ள வரையில் வந்து விழும் ஒளியை எல்லாம் ஏற்றுக்கொண்டே இருக்கும். கோடைக் காலத்தில் வடசென்னைத் தெருக்குழாயில் நீர் நூலளவாய் வடிகின்றது. கையை நீட்டினால் உள்ளங்கை நனைவதோடு சரி. குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தால் விடியுமுன் குடம் நிரம்பும். கண் உள்ளங்கை, படக்கருவி குடம். அதனாலேதான் நாம் வெறுங்கண்ணால் எண்ணூர் வானில் காணவொண்ணாத விண்முகில் படத்தில் எழுகின்றது.

இவ்வாற்றலை உலகுக்கு முதலில் காட்டியோருள் தொழில்முறை அறிஞர் அல்லாதார் பலர். அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880இல் மிருகசீரிட மண்டலத்திலுள்ள ஓரியன் விண்முகிலை முதன்முதல் ஒளிப்படமாக்கினார். அவர் மருத்துவம் பயின்றவர். 1883இல் இங்கிலாந்தில் ஆண்டுரு காமன் என்பார் அதே விண்முகிலை எடுத்த படத்தில், பெரிய தொலைநோக்கி வழியே கண் காணாத விண்மீன்களும் தோன்றின. அவர் கழிவுநீர்க் கால்வாய் அமைக்கும் துறையில் பொறியியலாளர்! ஐசக் இராபர்ட்சு என்னும் கட்டடத் தொழிலதிபர் 1888இல் ஆண்டிரோமீடா மண்டலத்தைப் படமெடுத்து, அது சுருள் வடிவினது என்று காட்டினார். மாணவர்களே, பகலில் தொழில், இரவில் வானம் என்று வாழ்ந்தவர்கள் இவர்கள். எண்ணூரில் ஆலைப்பணி முடித்து வரும் ஒருவர் இரவில் முக்காலியின் மேல் படக்கருவியை ஏற்றினால், அவர் புதுவழி செல்பவர் அல்லர். பழம்பெரும் வரிசையில் நிற்பவரே.

அண்மைக் காலச் சான்று ஒன்றும் கூறுவேன். அருசெந்தீனா நாட்டில் ரொசாரியோ என்பது ஆற்றுத் துறைமுக நகர். பெருந்தொழில் நடக்கும் ஊர். அங்கே விக்டர் பூசோ என்னும் பூட்டுத் தொழிலாளி தம் வீட்டு மேல்மாடியில் தொலைநோக்கி வைத்திருந்தார். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, புதிதாய்ப் பெற்ற படக்கருவியைச் சோதிக்க ஒரு விண்மீன் மண்டலத்தை அவர் தொடர்ந்து படமெடுத்தார். நகரத்து வானம் ஒளி மிக்கதாதலின் ஒவ்வொரு படத்தையும் 20 நொடி அளவிலேயே நிறுத்தி, பல படங்கள் எடுத்தார். அப்படங்களின் வரிசையில், முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி தோன்றி வளர்ந்தது. பேரொளியோடு வெடிக்கும் விண்மீன் ஒன்றின் முதல் ஒளியை அவர் கைப்பற்றியிருந்தார்! பேரறிஞர்கள் நெடுங்காலமாக எதிர்நோக்கியிருந்த காட்சி அது. அம்முடிவு 2018இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. அம்மனிதர் ‘என் ஊரில் விளக்கு மிகுதி’ என்று கருவியை மூடி வைத்திருந்தால் யாது நேர்ந்திருக்கும்?

நம்மவருள் வைணு பாப்புவை மறத்தல் ஆகாது. அவர் 1927இல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழக மாணவராய் இருந்தபோது, 1949இல் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். அஃது இன்றும் அவர் பெயரையும் உடன் உழைத்த இருவர் பெயரையும் தாங்கியுள்ளது. தாயகம் திரும்பி, 1960இல் கோடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்றார். பின்னர்க் காவலூரைத் தேர்ந்து அங்கே வானாய்வைத் தொடங்கியவரும் அவரே. அங்கு நிறுவப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைநோக்கி, அவர் மறைந்த பின் 1986இல் அவர் பெயரையே பெற்றது. அவர் ஊர்விளக்குகளை விட்டு விலகி மலைக்காட்டை நாடியது அறிவுடைமையே. ஆயினும் எல்லாரும் காவலூருக்குச் செல்லுதல் இயலுமோ? சென்றாலும் ஆண்டுக்கு ஓரிரவு. மாடியோ நாள்தோறும் கிடைக்கும்.

இனி எண்ணூர் வானில் எது எளிது, எது அரிது என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்றுக் கழுவப்பட்டுத் தெளிந்திருக்கும் தைத் திங்களே இங்குச் சிறந்த பருவம். அப்போது இரவு ஒன்பது மணியளவில் ஓரியன் உச்சிக்கு அருகில் நிற்கும். மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் அமைந்திருப்பது யாவர்க்கும் தெரியும். அதன் ஒருபுறத்தே செந்நிறத் திருவாதிரை. அம்மூன்றின் கீழே தொங்கும் வாள்போன்ற பகுதியில் விண்முகில் உள்ளது. அதன் தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு. காஞ்சியில் பல்லவர் ஆண்ட நாளில் புறப்பட்ட ஒளி திருவொற்றியூர் மாடியில் வைத்த கருவிக்குள் இன்று வந்து விழுகின்றது என்றால் வியப்பு அன்றோ?

ஆண்டிரோமீடாவோ இங்கு நமக்குச் சற்றே பகை. அது மாலையில் உச்சி நோக்கி ஏறும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நமக்கு அடைமழை. மழை ஓயும் மார்கழி இறுதியில் அது முன்னிரவிலேயே மேற்கே சாயத் தொடங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் காலம் தாழ்த்தாமல் எடுத்தல் வேண்டும். அதன் தொலைவு 25 இலட்சம் ஒளியாண்டு.

பூமி நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்வதால், அசையாத முக்காலியில் கருவியை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடுகளாக நீளும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் பொறி இருந்தால் நன்று. இல்லாதார் சில நொடிகளே நீளும் படங்களாக நூறு எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கலாம். நூறு படங்களை அடுக்கினால், படத்திலுள்ள புள்ளிக் குழப்பம் ஒரு படத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்காய்க் குறையும். பொறுமையே இங்குப் பொருளுக்கு ஈடாகின்றது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் கண்ணாடிவில்லைக்குக் கேடு. பணி முடிந்ததும் துடைத்துக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்தல் வேண்டும்.

திசையையும் அறிந்து தேர்தல் வேண்டும். தெற்கே சென்னை மாநகரின் ஒளி வானில் வெண்திரை விரித்திருக்கும். வடக்கே அனல்மின் நிலையமும் துறைமுகங்களும். மேற்கே மணலி. கிழக்கே கடல், துறைமுகத்தில் இடம் வேண்டி நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்கைத் தவிர வேறு ஒளி அங்கில்லை. காவலூர்க்காரர்க்குக் கிட்டாத கடல்வானம் நமக்குண்டு. அறுமீன் கூட்டமும் ஓரியனும் அக்கடலிலிருந்தே எழுகின்றன.

விளக்கொளியைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. பழைய சோடியம் விளக்குகள் பெரும்பாலும் மஞ்சள் நிறம் ஒன்றையே உமிழ்ந்தன. அந்நிறத்தை மட்டும் தடுக்கும் வடிகண்ணாடியால் அத்தீங்கை ஒருவாறு நீக்க முடிந்தது. இப்போது தெருவெங்கும் வந்துள்ள வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் எல்லா நிறங்களையும் உமிழ்கின்றன. அவற்றை அங்ஙனம் வடித்தல் இயலாது. ஓரியன் போன்ற விண்முகில்கள் நீரியம் உமிழும் செந்நிறம் ஒன்றில் மிகுதியாக ஒளிர்வதால், அச்செந்நிறத்தை மட்டும் உள்ளே விடும் குறுகிய வடிகண்ணாடி கொண்டு நகரிலிருந்தும் அவற்றை நன்றாகப் பிடிக்கலாம். ஆண்டிரோமீடா போன்ற மண்டலங்களோ கோடானுகோடி விண்மீன்களின் ஒளி. எல்லா நிறமும் கலந்தது. அதற்கு வடிகண்ணாடி உதவாது, இருளே வேண்டும்.

ஆகவே சிக்கல் விளக்கில் வந்து நிற்கின்றது. ‘துறைமுகத்திலும் ஆலையிலும் விளக்கு இல்லாமல் வேலை நடக்குமா? இரவுப்பணி முடிந்து வரும் பெண்கள் இருட்டில் நடப்பதா?’ என்று கேட்பர். நேர்மையான கேள்வி. பளுதூக்கியின் கீழ் நிற்கும் தொழிலாளியின் உயிர் என் படத்தைவிடப் பெரிது. விளக்கை அணைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அதற்குத் தொப்பி இட வேண்டும் என்றே கூறுகின்றேன். மேலும் பக்கவாட்டிலும் பாயும் ஒளி எந்தத் தொழிலாளிக்கும் வழி காட்டுவதில்லை. கண்ணைக் கூசச் செய்து வழியை மறைப்பதும் உண்டு. தரையை நோக்கித் திருப்பிய விளக்கு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வெளிச்சம் தரும். அமெரிக்காவில் பிளாக்ஸ்டாப் என்னும் ஊர் 1958இலேயே வானொளியைக் காக்க விதி வகுத்தது. ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 2022இல் இருள்வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் தம் விளக்குகளுக்கு மறைப்பு இட்டுள்ளனர். எண்ணூர் ஹான்லே ஆகாது. ஆக வேண்டுவதும் இல்லை. பாதி ஒளி வானுக்குப் போவது நின்றால் அதுவே பெரும்பேறு.

இதில் நமக்கு மட்டும் நலம் என்று எண்ணற்க. தை முதல் பங்குனி வரை சென்னைக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிக்க திசையே கடல் என்று ஓடும் இயல்பின. கரையில் விளக்கு மிகுந்தால் அவை கடலை விட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. ஆமைக்குஞ்சுக்கும் விண்மீனுக்கும் பகை ஒன்றே.

செலவைக் கூறி அஞ்சுவாரும் உளர். தொலைநோக்கியும் சுழற்பொறியும் விலை மிக்கவையே, மறுப்பதற்கில்லை. ஆயின் நிலவையும் கோள்களின் சேர்க்கையையும் அறுமீனையும் எடுக்க ஒரு கைப்பேசியும் அசையாத தாங்கியும் போதும். பள்ளிக்கு ஒரு படக்கருவி பொதுவாக இருந்தால், ஐம்பது மாணவர் முறைவைத்துப் பயன்கொள்ளலாம். ஆண்டுவிழாவிற்குத் தொங்கவிடும் சரவிளக்குகளின் செலவை ஓராண்டு இதற்குத் திருப்பலாகாதா என்று கேட்கத் தோன்றுகின்றது.

இன்னொன்று கடிந்து சொல்ல வேண்டியது. இக்கலையில் பொய்க்கு இடம் மிகுதி. அடுக்கிய படத்தில் ஒளியைக் கூட்டுவதும் வானத்து மாசொளியைக் கழிப்பதும் தகும். அவை மறைந்துள்ளதை வெளிக்கொணர்வன. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு ஒரு நிறம் வகுத்துக் காட்டுவதும், அவ்வாறு செய்ததைக் கூறிவிட்டால் குற்றமன்று. ஆனால் வேறோர் ஊரில் எடுத்த பால்வெளியைக் கொணர்ந்து திருவொற்றியூர்க் கோயிற் கோபுரத்தின் மேல் ஒட்டி, ‘நேற்றிரவு கண்டேன்’ என்பது கள்ளக் கையொப்பம் போன்றதே. பாராட்டு மிகுதியாகக் கிடைக்கலாம். அப்படம் ஒன்றுக்கும் சான்றாகாது. படத்தின் அடியில் நாள், நேரம், இடம், எத்தனை படங்கள், எத்தனை நொடி, எந்த வடிகண்ணாடி என்று எழுதிவைத்தல் வேண்டும். பூசோவின் படங்களை அறிஞர் நம்பியது, ஒவ்வொன்றிலும் நேரம் பதிந்திருந்ததால் அன்றோ?

அத்தகைய நேர்மையான படத்திற்கு நம்மூரில் ஒரு தனிப்பயனும் உண்டு. சித்திரைத் திங்களில் இரவு பத்து மணியளவில், தென்வானில் அடிவானத்திற்கு மேல் 17 பாகை உயரத்தில் தென்சிலுவை நிற்கும். வட இந்தியாவில் அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். சில இடங்களில் எழுவதே இல்லை. திருவொற்றியூரிலிருந்து நோக்கினால், அதன் கீழே சென்னை நகரின் ஒளித்திரை. ஒரே மாடி, ஒரே கருவி, ஒரே கால அளவு, நிலவில்லா இரவு என்று வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அப்பகுதியை ஒரு படம் எடுத்து, அதில் எத்தனை விண்மீன்கள் தேறுகின்றன என்று எண்ணி ஏட்டில் குறித்துவரலாம். ஐந்தாண்டில் அவ்வேடு நகரின் விளக்குக்கணக்கு ஆகிவிடும். விண்மீன் குறைந்திருந்தால், எத்தனை குறைந்தது என்று எண்ணிக்கையோடு மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதலாம். தெருவிளக்குக்குத் தொப்பி கேட்கும் அவ்விண்ணப்பத்தின் பின்னே அப்படங்களையும் இணைக்கலாம்.